1970 டஸ்டர் 318: தினமும் ஓட்டணும், எஞ்சினையும் பார்க்கணும். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

#1 இப்ஸி_இளங்கோ

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசை, போன மாதம் நிறைவேறியது. ஓஹையோவிலிருந்து ஒரு 1970 பிளைமவுத் டஸ்டர் வாங்கி வந்திருக்கிறேன். பெரிய 340 கன அங்குல எஞ்சின் இல்லை, சாதாரண 318, ஆட்டோமேட்டிக். வின் எண் (வண்டியின் அடையாள எண்) விஎல்29ஜி0பி என்று ஆரம்பிக்கிறது. வி என்றால் வேலியன்ட் குடும்பம், எல் குறைந்த விலை வரிசை, ஜி 318 எஞ்சின், 0 என்பது 1970, கடைசியில் இருக்கும் பி டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்டிராம்க் ஆலை. டாட்ஜ் மெயின் என்று சொல்வார்களே, அந்த ஆலை. 1980-இல் மூடி இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஜிஎம்மின் ஃபேக்டரி ஜீரோ மின்சார வண்டி செய்துகொண்டிருக்கிறது. இங்கே பிறந்த வண்டியை இங்கேயே திரும்பக் கொண்டுவந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இதை ஷெட்டில் போர்த்தி வைக்க வாங்கவில்லை. மிச்சிகனில் இப்ஸிலான்டியிலிருந்து டியர்பார்னுக்கு ஐ-94 நெடுஞ்சாலை வழியாகத் தினமும் வேலைக்குப் போகணும். உப்புப் போடும் மாதங்களில் மட்டும் வேறு வண்டி.

இப்போதைய நிலை: காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப்புகை, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஐட்லிங்கில் ஒரு குலுக்கல். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்தேன், ஆறு சிலிண்டரில் 130 பிஎஸ்ஐ-ஐ ஒட்டி வருகிறது. 5, 7 இரண்டிலும் 95தான். சிக்னலில் நின்றால் வெப்ப முள் மேலே ஏறுகிறது. ஹெட்லைட் போட்டால் ஆம்மீட்டர் முள் ஆடுகிறது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதித்தால் இடது பக்கம் இழுக்கிறது.

எஞ்சினை இறக்கி முழுசாகப் பிரித்துக் கட்டிவிட்டு ஓட்ட ஆரம்பிப்பதா, ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்பதா?

#2 பழையஇரும்பு

வாழ்த்துகள் தம்பி. நல்ல வண்டி. 340 பெயரைக் கேட்டு எல்லோரும் ஓடுவதால் 318-ஐ யாரும் மதிப்பதில்லை. தினசரி ஓட்டத்துக்கு 318தான் பொருத்தம். கம்ப்ரஷன் விகிதம் 8.8தான் என்பதால் சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலே போதும். அந்தக் காலத்து 340-க்கு 10.5, பிரீமியம் ஊற்றியும் டைமிங்கை (பிளக் தீப்பொறி விழும் நேரத்தை) குறைக்க வேண்டியிருக்கும்.

உன் கேள்விக்கு நேரான பதில்: ஓட்டிக்கொண்டே பார். ஒரேயடியாகப் பிரித்த வண்டிகள் எத்தனை இந்த ஊர் கராஜ்களில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன தெரியுமா? பிரித்தவருக்கே எந்த போல்ட் எங்கே என்று மறந்துபோய், கடைசியில் பாதி விலைக்கு விற்பார். நகர்கிற வண்டியைத் தொடர்ந்து நகரவிடணும்.

ஆனால் எஞ்சினுக்கு முன்னால் வயரிங்கைப் பார். ஆம்மீட்டர் முள் ஆடுகிறது என்றாய் அல்லவா, அதுதான் எனக்குப் பயம். இந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கறுப்பு வயர் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) இருக்கும் பெரிய இணைப்பியைத் தாண்டி உள்ளே ஆம்மீட்டருக்குப் போகிறது. அங்கிருந்து சிவப்பு வயராக அதே இணைப்பி வழியாகத் திரும்ப வெளியே வந்து பேட்டரியில் சேருகிறது. சார்ஜ் ஆகும் மொத்தக் கரண்டும் தட்டையான இரண்டு சின்னத் தகடுகள் வழியாகத்தான் போகணும். ஐம்பது வருடத்தில் அந்தத் தகடுகளில் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்தால் தடை, தடை இருந்தால் சூடு. இரவில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாம் ஓடும்போது பிளாஸ்டிக் உருகும். இதனாலேயே எரிந்த வண்டிகள் உண்டு.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து அந்த இணைப்பியை இழுத்துப் பார். சிவப்பு, கறுப்பு வயர் நுழையும் பொந்துகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாக இருக்கிறதா, ஓரம் வளைந்திருக்கிறதா? இருந்தால் அந்த இரண்டு வயரையும் இணைப்பியில் விடாமல் ரப்பர் வளையம் போட்டு நேராக ஃபயர்வாலைத் தாண்டவிடு. ஆம்மீட்டரைத் துண்டித்து வோல்ட்மீட்டர் போடு. கரண்ட் அளவு மீறினால் உருகித் துண்டிக்கும் ஃபியூசிபிள் லிங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதே.

இன்னொன்று. ஃபயர்வாலில் வெள்ளையாக ஒரு பீங்கான் கட்டி இருக்கும், இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர். சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்ட நொடியில் அணையும் என்றால் அது போய்விட்டது என்று அர்த்தம். விலை அற்பம். ஒன்று வாங்கி கிளவ் பாக்ஸில் போட்டு வை.

#3 நாலுபேரல்

318-ஐ இவ்வளவு மெனக்கெட்டுக் காப்பாற்றணுமா? பழைய ராம் பிக்கப்பிலிருந்து ஒரு 5.9 மேக்னம் எடுத்துப் போடுங்கள். ரோலர் லிஃப்டர் இருப்பதால் கேம் தேயுமோ, எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கும் ஸிங்க் இருக்கிறதோ என்ற கவலையே இல்லை. இழுவையில் 318 அதன் பக்கத்தில் நிற்காது. மஸில் கார் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரல் கார்புரேட்டரோடு ஓட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

#4 கவிதா_ஓஹையோ

இளங்கோ, நான் 73 டார்ட் ஸ்விங்கரைத் தினமும் ஓட்டுகிறேன், மழை வெயில் எல்லாவற்றிலும். எஞ்சின் பேச்சை அப்புறம் பேசலாம், உங்கள் வண்டி பிரேக்கில் இழுக்கிறது. அதோடு ஐ-94-இல் டிரக்குகளுக்கு நடுவில் போகாதீர்கள். தயவுசெய்து.

ஒரு பக்கம் இழுப்பதற்கு முதல் சந்தேகம் முன்சக்கர ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே ஊதி அடைத்திருக்கும். அழுத்தம் ஒரு பக்கம் தாமதமாகப் போகும், அல்லது போனது திரும்ப வராது. மூன்று ஹோஸையும் மாற்றுங்கள், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. அடுத்தது சக்கர சிலிண்டர் கசிவு. டிரம்மைக் கழற்றி சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். அப்புறம், இந்த டிரம்களில் தானாகச் சரிசெய்துகொள்ளும் நெம்புகோல் ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும்போதுதான் வேலை செய்யும். ரிவர்ஸே எடுக்காமல் ஓட்டியிருந்தால் ஷூ இடைவெளி ஏறிப்போயிருக்கும்.

நல்ல நிலையில் இருக்கும் 10 அங்குல டிரம் ஒரு தடவை நன்றாகவே நிறுத்தும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை வேகத்திலிருந்து பிடித்தால் சூடேறிக் கைவிடும். அதனால் முடிந்தவரை சீக்கிரம் முன்னால் டிஸ்க்குக்கு மாறுங்கள். 1973 முதல் 76 வரை வந்த டார்ட், டஸ்டர், வேலியன்ட் டிஸ்க் செட் உங்கள் வண்டியில் அப்படியே உட்காரும். மேல் கன்ட்ரோல் ஆர்மும் அந்த வருடத்ததாக இருக்கணும், பால் ஜாயின்ட் அளவு வேறு. வீல் போல்ட் வட்டமும் 4 அங்குலத்திலிருந்து 4½ ஆகிவிடும். முன்னால் ஒரு வீல், பின்னால் ஒரு வீல், ஸ்டெப்னி எதற்குப் பொருந்தும் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

#5 டார்ஷன்பார்

கம்ப்ரஷன் எண்களை யாருமே கவனிக்கவில்லையே. 5, 7 இரண்டும் ஓட்டுநர் பக்கத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். எஞ்சினை இறக்கும் பேச்சுக்கு முன்னால் லீக்-டவுன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டரை மேல்முனையில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றடித்து, காதைக் கொடுத்துக் கேட்கணும். பக்கத்து பிளக் ஓட்டையில் சீறினால் கேஸ்கட். எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது விரிசல்.

நீலப்புகை ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நிற்கிறது என்றால் ராத்திரி முழுக்க வால்வு சீல் வழியாக எண்ணெய் இறங்கியிருக்கிறது. அதை ரிங் தலையில் போட வேண்டாம்.

#6 இப்ஸி_இளங்கோ

டார்ஷன்பார் அண்ணா சொன்னபடி செய்தேன். 5, 7 இரண்டிலும் சைலன்சர் குழாயில் தெளிவாக உஸ்ஸென்று கேட்கிறது. பக்கத்து பிளக் ஓட்டையில் ஒன்றுமில்லை. எண்ணெய் வாயில் எல்லா சிலிண்டருக்கும் லேசாக ஒரே மாதிரி கேட்கிறது.

பழையஇரும்பு அண்ணா, நீங்கள் சொன்ன இணைப்பியையும் இழுத்துப் பார்த்தேன். சிவப்பு வயர் நுழையும் பொந்தின் ஓரம் காப்பி நிறத்தில் இருந்தது, தகட்டை விரலால் தொட்டதும் பிளாஸ்டிக் துகள் உதிர்ந்தது. அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டேன். இரண்டு வயரையும் வெளியே எடுத்து வோல்ட்மீட்டர் போட்டாகிவிட்டது. லைட் பிரகாசமே கூடியிருக்கிறது.

#7 பழையஇரும்பு

நல்ல வேளை.

எக்ஸாஸ்ட் வால்வு கசிவு எனக்கு ஆச்சரியமில்லை. 1970-இல் இந்த ஹெட்டுகளைச் செய்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு மூடும் இடத்தில், அதாவது சீட்டில், ஈயம் மெல்லிய படலமாகப் படிந்து வார்ப்பிரும்பைக் காப்பாற்றியது. ஈயம் போனபின், அதுவும் நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓடும் வண்டியில், சூடான வால்வு ஒவ்வொரு தடவையும் சீட்டிலிருந்து துளித்துளியாக இரும்பைப் பெயர்க்கும். வால்வு மெதுவாக ஹெட்டுக்குள் அமிழும். இந்த எஞ்சினில் ராக்கர் ஆர்மில் திருகிச் சரிசெய்ய வழியில்லை, ஹைட்ராலிக் லிஃப்டர்தான் அந்த வித்தியாசத்தை விழுங்கும். அதன் ஆட்டம் தீர்ந்ததும் வால்வு முழுசாக மூடாது. மூடாத வால்வு எரியும்.

ஆக, உன் எஞ்சின் கீழ்ப்பாதி நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டைக் கழற்று. இரண்டு வழி. ஒன்று, உன் ஹெட்டிலேயே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் வளையம் இறக்கி, கைடும் சீலும் மாற்றுவது. இரண்டு, 1985-க்குப் பிறகு வந்த 318-இன் ஹெட்டைத் தேடுவது. வார்ப்பு எண் 302 என்று முடியும். சீட் ஏற்கெனவே கடினப்படுத்தியது, பெட்ரோல் எரியும் அறை சின்னது. உன் 8.8 கம்ப்ரஷன் குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். 360 ஹெட் போடச் சொல்லி யாராவது வருவார்கள். அதன் அறை பெரிது, 318-இல் போட்டால் கம்ப்ரஷன் இறங்கி இருக்கிற பிக்-அப்பும் போய்விடும்.

#8 நாலுபேரல்

ஹெட்டை மட்டும் புதுசாக்கினால் மேலே அழுத்தம் கூடி, கீழே தேய்ந்த ரிங் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பாதி வேலை செய்து ஆறு மாதத்தில் மறுபடி பிரிப்பதற்கு ஒரே தடவையில் முழுசாக முடிப்பது நல்லது. மேக்னம் யோசனையை ஏன் ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்றும் சொல்லுங்கள்.

#9 டார்ஷன்பார்

நாலுபேரல் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை அளந்து முடிவு பண்ணணும். ஹெட் கழன்றதும் சிலிண்டர் மேல் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டி நிற்கும் அளவுக்கு மேடு இருந்தால் தேய்மானம் ஆழமானது. அப்புறம் போர் கேஜ் வைத்து மேலேயும் கீழேயும், நீளவாக்கிலும் குறுக்காகவும் அளக்கணும். கிரைஸ்லரின் சர்வீஸ் புத்தகக் கணக்குப்படி மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.010 அங்குலத்தையோ, வட்டம் கோணியது 0.005 அங்குலத்தையோ தாண்டினால் ரீபோர். அதற்குள் நன்றாக இருந்தால் கீழ்ப்பாதியைத் தொட வேண்டாம். இளங்கோவுக்கு எல்லா சிலிண்டரிலும் ரிங் பக்கம் ஒரே மாதிரி லேசான கசிவுதான், அது நல்ல அறிகுறி.

மேக்னம் பற்றி. நல்ல எஞ்சின், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் ஹெட்டுகளில் இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவில் விரிசல் விழுவது ஊரறிந்த விஷயம், பழைய பிக்கப்பிலிருந்து எடுத்தால் சோதிக்காமல் போடக்கூடாது. 5.9 வெளியே பேலன்ஸ் செய்யப்பட்டது, 318 உள்ளேயே பேலன்ஸ் ஆனது, டார்க் கன்வர்ட்டரை அதற்கேற்ப மாற்றணும். முன்பக்க மூடி, வாட்டர் பம்ப், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றுக்கும் தீர்வு தேடணும். எல்லாம் சாத்தியம். ஆனால் அதற்குள் கோடை போய்விடும், வண்டி ஓடியிருக்காது.

#10 நாலுபேரல்

சரி, அளந்து பார்த்துவிட்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் இளங்கோ, எதிர்காலத்தில் பெரிய எஞ்சின் போட்டால் இந்த 318-ஐ விற்றுவிடாதீர்கள். எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் சுற்றி ஓரமாக வையுங்கள். வண்டியோடு பிறந்த எஞ்சின், பிளாக்கில் வின் எண் அடித்திருக்கும்.

#11 ராயல்ஓக்_ரவி

காகித விஷயம் ஒன்று, யாரும் சொல்லவில்லை. மிச்சிகனில் பழைய வண்டிக்கு ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். அந்தப் பிளேட்டோடு கிளப் நிகழ்ச்சி, கண்காட்சி, அணிவகுப்பு மாதிரியானவற்றுக்குத்தான் போகலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு, எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். வேலைக்குத் தினமும் போகிறவர் சாதாரண பிளேட்தான் வாங்கணும். இன்ஷூரன்ஸும் அப்படித்தான். கலெக்டர் வண்டிகளுக்கான மலிவான பாலிசிகள் பொதுவாக வேலைக்குப் போவதை அனுமதிப்பதில்லை. இதை மறைத்து வாங்கி, மோதல் நடந்தபின் மாட்டிக்கொள்ள வேண்டாம். சாதாரண பாலிசியிலேயே வண்டியின் மதிப்பை முன்கூட்டி ஒப்புக்கொண்டு எழுதித்தர முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஐம்பது வருடப் பழைய கார் என்று ஒன்றுமில்லாத தொகையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆகஸ்ட் என்றதும் உட்வர்ட் டிரீம் குரூஸ் ஞாபகம் வருகிறது. 1995-இல் ஆரம்பித்தது, மூன்றாவது சனிக்கிழமை. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். குளிரூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிடக் கடுமையான சோதனை இல்லை. வருடாவருடம் ஓரத்தில் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வண்டிகளில் பலவற்றில் நான் பார்த்தது ஒரே குறை: ஃபேனைச் சுற்றி, காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்கவைக்கும் உறையான ஷ்ரௌட் இருக்காது. ஓடும்போது காற்று தானாக வரும், நிற்கும்போது ஷ்ரௌட் இல்லாத ஃபேன் தன்னைச் சுற்றி இருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கலக்கும். சிக்னலில் மட்டும் முள் ஏறுகிறது என்றால் புது ரேடியேட்டர் வாங்கும் முன் ஷ்ரௌட், ஃபேன் கிளட்ச், டைமிங் மூன்றையும் பாருங்கள்.

#12 இப்ஸி_இளங்கோ

ஷ்ரௌட் இல்லவே இல்லை! அதை மாட்டும் ஓட்டைகள் மட்டும் ரேடியேட்டரில் இருக்கின்றன.

இன்னொரு தொல்லை. ஏப்ரலில் ஒரு நாள் திடீரென்று வெயில் அடித்தது. பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் பிடிக்கவே இல்லை. கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்தது.

#13 பழையஇரும்பு

அது வேப்பர் லாக், தம்பி. குளிர்காலத்துப் பெட்ரோல் எளிதாக ஆவியாகும்படி கலந்து விற்கிறார்கள். ஏப்ரலில் டேங்கில் அந்தப் பெட்ரோல், வெளியே மே மாத வெயில். எஞ்சின் நின்றதும் சூடு முழுக்க கார்புரேட்டருக்கும் பம்ப்புக்கும் ஏறி, உள்ளே இருப்பது கொதித்துவிடும். பத்து சதவீத எத்தனால் இதை இன்னும் மோசமாக்குகிறது. கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த ஸ்பேசர் போடு. பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் உரசிப் போனால் தள்ளி வை. அந்தக் காலத்துப் பெரிய எஞ்சின் வண்டிகள் சிலவற்றில் ஆவியைத் திரும்ப டேங்குக்கே அனுப்ப மூன்று வாய் ஃபில்டர் ஒன்று வந்தது, கூடுதல் குழாய் ஒன்று இழுத்தால் உன் வண்டியிலும் வைக்கலாம்.

ரப்பர் பெட்ரோல் ஹோஸ் பழசு என்றால் அத்தனையையும் மாற்று. எத்தனால் அதை உள்ளிருந்து கரைக்கும். மெனக்கெட்டு வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் தரம் என்று அச்சடித்ததையே வாங்கு, மலிவானதைச் சூடான மேனிஃபோல்டு மேலே தொங்கவிடாதே.

#14 கவிதா_ஓஹையோ

குளிர்காலத்தில் வேறு வண்டி என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், அதற்கு என் நன்றி. இவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். அழுகினால் திருகி மாற்ற ஒன்றும் இல்லை, வெட்டி வெல்டிங் வைக்கணும். ஜாக்கியில் தூக்கும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். முன்சீட்டுக்கு அடியில் டார்ஷன் பார் (முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) பின்முனை உட்காரும் குறுக்குச் சட்டம். பின்னால் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஃபிரேம் ரெயில். கடைசியாக, கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் கௌல். கௌலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கார்ப்பெட்டுக்கு அடியில் கைவைத்துப் பாருங்கள். ஈரம் வந்தால் மேலே ஓட்டை. வெளியே புது பெயின்ட் பளபளக்கும், உள்ளே இலையும் மண்ணும் சேர்ந்து ஐம்பது வருடம் ஊறியிருக்கும்.

டார்ஷன் பார் குறுக்குச் சட்டம் பொடிந்திருந்தால் வேறெதையும் தொடாதீர்கள். முன்பக்க எடை முழுக்க அதன் பிடியில்தான் நிற்கிறது.

#15 இப்ஸி_இளங்கோ

குறுக்குச் சட்டத்தைச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன், கணீரென்று இருக்கிறது. கௌல் வலது பக்கம் கசிகிறது, சின்ன ஓட்டைதான்.

இன்னொரு கேள்வி. 70 மைல் வேகத்தில் தினமும் ஓட்டணும் என்றால் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் பாக்ஸ் அவசியமா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். வண்டி வேகத்தில் அலையவும் செய்கிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

#16 டார்ஷன்பார்

வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். மைல் வேகத்தைப் பின் ஆக்ஸில் விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால் எஞ்சின் சுற்று வரும். டயர் 26 அங்குலம், விகிதம் 3.55 என்றால் 70 மைலில் சுமார் 3,200 சுற்று. காது வலிக்கும், பெட்ரோலும் குடிக்கும். அதற்கு ஓவர்டிரைவ் தேவைதான். ஆனால் 318 ஆட்டோமேட்டிக் வண்டிகளில் 2.76 அடிக்கடி வரும். அப்படி இருந்தால் சுமார் 2,500 சுற்றுதான். நிம்மதியாகப் போகலாம்.

ஆக்ஸிலைப் பின்னாலிருந்து பாருங்கள். மூடியில் 9 போல்ட் என்றால் 7¼ அங்குல ஆக்ஸில், 318-க்குத் தாங்கும், பெரிய எஞ்சினுக்குத் தாங்காது. 10 போல்ட் என்றால் 8¼, யாரோ பின்னாளில் மாற்றியது. பின்னால் மூடியே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் 8¾, அதிர்ஷ்டம்.

அலைவதற்குக் காரணம் வேறு. முன்சக்கர அலைன்மென்ட் எண்கள் அந்தக் காலத்து பயஸ் (இழைகள் குறுக்காக ஓடும்) டயருக்காக எழுதியவை. ரேடியல் டயருக்குக் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) கூடுதலாக வேணும், ஆனால் பழைய புஷ்ஷை வைத்துக்கொண்டு அவ்வளவு திருப்ப இடம் கிடைக்காது. மேல் கன்ட்ரோல் ஆர்முக்கு மையம் விலகிய புஷ் கிடைக்கிறது, காஸ்டர் கூடும் பக்கமாகத் திருப்பி அழுத்தினால் போதும். அலைன்மென்ட் கடையில் பழைய எண்ணையே திரையில் பார்த்து வைக்க முயல்வார்கள், பக்கத்தில் நின்று காஸ்டரை முடிந்தவரை பாசிட்டிவ் பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

#17 நாலுபேரல்

இழையை லேசாகத் திருப்புகிறேன், மன்னிக்கவும். என் 340 இப்போது ஸ்டாண்டில், எல்லாம் கட்டியாகிவிட்டது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிரில் வைத்து எண்ணெய் பம்ப்பைச் சுற்றுகிறேன், பிரஷர் 60 காட்டுகிறது, ஒரு பக்க ராக்கருக்கு மட்டும் சொட்டு எண்ணெய் வரவில்லை. கேம் பேரிங்கைத் தப்பாக அடித்துவிட்டார்களோ என்று தூக்கமே போய்விட்டது.

#18 பழையஇரும்பு

பதறாதே. இந்த எஞ்சினில் ஹெட்டுக்குப் போகும் எண்ணெய் கேமின் 2-ஆம், 4-ஆம் ஜர்னலில் (பேரிங்கில் உட்காரும் பகுதி) இருக்கும் துளை வழியாகத்தான் போகணும். அந்தத் துளை பிளாக்கில் இருக்கும் வழிக்கு நேராக வரும்போது மட்டும் எண்ணெய் மேலே ஏறும். டிரில் சுற்றும்போது கேம் நிற்கிறது அல்லவா? ஒருவர் டிரில்லைப் பிடிக்கட்டும், இன்னொருவர் கிராங்க் போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு மெதுவாகத் திருப்பட்டும். ஓர் இடத்தில் ஒரு பக்க ராக்கர் நனையும், இன்னும் திருப்பினால் மறுபக்கம் நனையும். இரண்டு பக்கமும் வழிவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் வால்வு மூடியை மாட்டணும்.

கேம் புதுசு, ஃபிளாட் டேப்பட் (ரோலர் இல்லாத லிஃப்டர்) என்றால் பிடித்த உடனே 2,000-க்கு மேல் ஏற்றி, இருபது நிமிடமாவது கீழே இறக்காமல் ஓடவிடு. ஐட்லிங்கில் கேமின் மேடான லோபுக்கு எண்ணெய் தெறிக்காது. ஸிங்க் அதிகமுள்ள பிரேக்-இன் எண்ணெய் கட்டாயம். புது வண்டிகளுக்கு விற்கும் எண்ணெயில் அதைக் குறைத்துவிட்டார்கள், கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காக. இளங்கோ, ஹெட் மட்டும் மாற்றுகிறாய் என்றால் உன் பழைய கேமே ஓடும், ஆனால் லிஃப்டர் ஒவ்வொன்றையும் எடுத்த குழியிலேயே திரும்பப் போடணும். முட்டை அட்டையில் எண் எழுதி வரிசையாக வை.

#19 நாலுபேரல்

வந்துவிட்டது அண்ணா! கிராங்க்கைத் திருப்பினதும் இரண்டு பக்கமும் வழிந்தது. நீங்கள் நல்லா இருக்கணும்.

#20 இப்ஸி_இளங்கோ

ஹெட்டைக் கழற்றினேன். 5, 7 எக்ஸாஸ்ட் வால்வு இரண்டின் ஓரமும் ஒரு பக்கம் கடித்த மாதிரி எரிந்திருக்கிறது. சீட் உள்ளே இறங்கியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. போரில் மேடு நகத்தில் தட்டுப்படவில்லை. மெஷின் ஷாப்காரர் அளந்து, வித்தியாசம் வரம்புக்குப் பாதிகூட இல்லை என்றார். கீழ்ப்பாதியைத் தொடப்போவதில்லை. 302 ஹெட் ஒரு ஜோடி வாங்கி, விரிசல் சோதனையும் வால்வு வேலையும் முடித்து வைத்திருக்கிறேன். ஷ்ரௌட், ஹோஸ், ஸ்பேசர் மாட்டியாகிவிட்டது. பின்னால் 9 போல்ட் ஆக்ஸில், கணக்குப்படி 2.76. ஓவர்டிரைவ் பணம் டிஸ்க் பிரேக்குக்குப் போகிறது.

ஒரே ஒரு சந்தேகம். டிரம்மைப் பார்க்க வலது பக்க வீல் சுலபமாகக் கழன்றது. இடது பக்கம் எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. இம்பாக்ட் கன் வைக்கலாமா?

#21 கவிதா_ஓஹையோ

வைக்காதீர்கள்! இடது பக்கம் மரை எதிர்த்திசை. கிரைஸ்லர் 1970 வரை ஓட்டுநர் பக்கம் இடது மரைதான் போட்டது. ஸ்டட் முனையைத் துடைத்துப் பாருங்கள், எல் எழுத்து அடித்திருக்கும். வழக்கமாக இறுக்கும் திசையில் திருப்பினால் கழன்றுவிடும். டிஸ்க் செட் போட்டதும் முன்னால் இரண்டு பக்கமும் வலது மரையாகிவிடும், பின் இடது மட்டும் பழையபடி இருக்கும். பின் டிரம்மைக் கழற்றும்போதே அங்கேயும் சாதாரண ஸ்டட் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் டயர் கடைப் பையன் ஒருநாள் கன் வைத்து உடைப்பான்.

#22 இப்ஸி_இளங்கோ

எல் இருக்கிறது அக்கா. கழன்றுவிட்டது. சக்கர சிலிண்டர் உள்ளே ஈரம். நாளைக்கு நாலுக்கும் ஆர்டர் போடுகிறேன்.